மறுபடி மேயும் மான்

எங்கள் அறையில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில்தான் பார்க்க முடியும். எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ஐந்து வருடமாக அவளோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து மிருகங்கள் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையே அதுதான். இணையத்தில் வருகிற காட்டு விலங்கு வீடியோக்களில் எதையெல்லாம் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலில் படத்தோடு. பிறகு திரையை அணைத்துவிட்டு வெறும் சத்தத்தை மட்டும். பயந்த குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும், காதை மூடிக்கொள்ளத் தோன்றாது. அதற்குப் பிறகு படிவம். ரத்தம் உண்டா, அலறல் உண்டா, தாயும் குட்டியும் பிரிகின்றனவா. கடைசியில் மூன்று கட்டம்: அனுமதி, வெட்டி அனுமதி, நிராகரிப்பு. நடுக் கட்டத்தைவிட்டு அவள் கை நகராது. பெயர் அப்படித்தான் வந்தது.

இதற்கு முன் அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். அங்கே ஒரு குழந்தை, அக்காவின் போனில் முதலை எதையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் குழாயடியில் கை கழுவ வராமல் அடம்பிடித்ததாம். அந்தக் கதையை அவள் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

வெட்டுவதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் ஒட்டவும் செய்தாள். சிறுத்தை மானைத் துரத்தும். மான் தாவும். அந்த இடத்தில் வெட்டிவிட்டு, வீடியோவின் தொடக்கத்தில் அதே மான் புல் மேய்ந்த காட்சியை எடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுவாள். செத்துப்போன மான் சாவகாசமாகப் புல் தின்னும்.

"ஏம்மா, இது பச்சைப் பொய் இல்லையா?" என்றேன்.

"அஞ்சு வயசுல உண்மை தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது? வளந்தா தானா தெரிஞ்சுக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் இரண்டாவது கையெழுத்து என்னுடையதுதான். கண்டும் காணாமல் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு நியாயம் பேச எனக்கும் யோக்கியதை இல்லை.

ஒரே ஒரு வீடியோவுக்கு மட்டும் முட்டிக்கொண்டோம். செத்துக் கிடக்கிற குட்டியைச் சுற்றி மூன்று யானைகள் நிற்கும். தும்பிக்கையால் தடவும். நெடுநேரம் நின்றுவிட்டு ஒவ்வொன்றாக நடந்து போய்விடும். ரத்தமில்லை, சத்தமில்லை. நான் அனுமதி என்றேன். அவள் நிராகரிப்பு என்றாள். "இதுல எங்க வெட்டுறது சொல்லுங்க? வெட்டுறதுக்கு இடமே இல்ல" என்று சொல்லி மூடிவிட்டாள்.

அவள் அனுமதித்ததையெல்லாம் முதலில் பார்ப்பது அவளுடைய ஐந்து வயது மகள். கூடவே அப்பாவும் உட்கார்ந்து மானுக்குக் கைதட்டுவார். லிஃப்ட் மெக்கானிக். மனைவி எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற மனிதர். போன மாதம் வேலை செய்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் போராடிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது.

குழந்தை எதையும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவளைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூட்டி வந்து, அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றே சொல்லி வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாசலில் அவருடைய செருப்பு, வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தது. அதை ஓரமாகத் தள்ளப் போனேன்.

"பெரியம்மா, எடுக்காதீங்க! அப்பாவுக்கு" என்று குழந்தை ஓடிவந்தாள்.

"அப்பா எப்ப வருவாராம்?"

"இப்ப ஓடிக்கிட்டு இருக்காரு. அப்புறம் வந்துடுவாரு. கடைசில எல்லாரும் வந்துடுவாங்க, தெரியாதா?"

அடுப்படிக்குப் போனேன். அங்கே அவள், கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஒட்டுவே?" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? என் வாய் அப்படி.

அவள் திட்டவில்லை. "நான்தானக்கா அவளுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, அலுவலக மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினாள். நிராகரித்தவை எல்லாம் அதில் தனியாகக் கிடக்கும். "நீங்களும் கூட உக்காருங்கக்கா. எனக்குத் தைரியம் இல்ல."

யானைகள் வந்தன. மகள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். யானைகள் தடவின, நின்றன, போயின. படம் நின்றுவிட்டது.

"அம்மா, நின்னுபோச்சு. குட்டி இன்னும் எந்திரிக்கல."

"முடிஞ்சுடுச்சு கண்ணு."

"இல்ல. மறுபடி போடு."

மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை முடிந்ததும் குழந்தை திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எந்திரிக்கவே எந்திரிக்காதா?"

"எந்திரிக்காது செல்லம். செத்துப்போச்சு. அப்பாவும் அப்படித்தான் செத்துப்போயிட்டாரு. வர மாட்டாரு."

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாங்கள் இருவருமே எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

"அப்ப மான்?"

கத்தரி என்னைப் பார்த்தாள். இரண்டாவது கையெழுத்து என்னுடையதல்லவா? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மானும்தான் கண்ணு. அம்மா பொய்யா ஒட்டி வச்சிருந்தேன்."

"எல்லா மானுமா?"

"நிறைய மான்."

அப்போதுதான் குழந்தை அழுதாள். முதலில் மானுக்காகத்தான் அழுதாள். ஒவ்வொரு மானாக நினைவு வைத்து, புள்ளி போட்டது, கொம்பு ஒடிந்தது, தண்ணீர் குடித்தது என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். கடைசி மானும் தீர்ந்த பிறகு குழந்தை எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.