முள் தாவிய இடம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. லீவு நாட்களில் நானும் தோஸ்த் சலீமும் கல்யாண வரவேற்புகளில் வாசிப்போம்; நான் டோலக், அவன் தபேலா. அவன் வீட்டுப் பழைய தாளவாத்திய இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுக் கற்றது. அதில் ஓரிடத்தில் தாளம் திடீரென்று தாவும். நாங்களும் தாவுவோம். அங்கேதான் கைதட்டல் அள்ளும்.

அந்த இசைத்தட்டை இப்போது ஒலியைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கிப் போட்டேன். தாளம் தாவவே இல்லை. அந்த இடத்தில் நாங்கள் கேட்டேயிராத அடிகள் இருந்தன. சலீமிடம் இரவல் வாங்கி வைத்திருந்த பழைய தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கீறல். தினமும் கீறல் தேடும் என் கண்ணில் இது படவில்லை. கீறலில் பிளேயர் முள் தாவியதைத்தான் வித்தை என்று வாசித்திருக்கிறோம்.

இருப்புக்கொள்ளாமல் சலீமுக்குப் போட்டுக் காட்டினேன்.

"புதுசுல ஜாஸ்தியா சேத்துட்டாங்க. உனுக்கு இன்னா பேஜாரு? நம்மளுதே இருக்கட்டும்," என்றான்.

வேலூர் வரவேற்பில் அவன் தாவினான். என் கை தாவ மறுத்து, விட்டுப்போன அடிகளை வாசித்தது. தாளம் உடைந்தது. கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது.

திரும்பும்போது பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும் முன்சீட்டுக் கம்பியில் நான் வாசித்த அந்த அடிகளைச் சலீம் தட்டினான், தப்பாக.

"இப்பிடியா?"

நானும் தட்டினேன். ஆம்பூரில் இறங்கியும் எங்கள் கை ஓயவில்லை. கைதட்டல் வாங்கிய ஒரு நாளிலும் நாங்கள் ஓர் அடிக்காக இப்படித் தவித்ததில்லை.