வீரய்யாவின் தேதி வரிசை

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, செத்தவர்களை வரிசைப்படுத்தியது.

கல்லறைத் திருநாளன்று அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஊர்த்தெருப் பெயர்கள். பிறகு ஒரு மணி அடிப்பார்கள். அதன் பிறகுதான் காலனிப் பெயர்கள். செத்த பிறகும் தள்ளி நிற்க வேண்டும்.

வாசிப்பவர் வீரய்யா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்த்தெருக்காரர்தான். ஆனால் ஃபியூஸ் போட எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். காலனியிலிருந்து அவர் திரும்பினால் மச்சான்காரர் வாசலிலேயே மறிப்பார். "கையக் கழுவிட்டு உள்ள வாங்க மச்சான்." வீடே சிரிக்கும். அவர் சிரித்ததில்லை. மகள் பிளெஸ்ஸிக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் மறக்கவில்லை.

"ரெண்டையும் ஒண்ணாக்கிரு பிளெஸ்ஸி," என்றார் இந்த வருடம். "யாரு முன்னாடி போனாகளோ அவுக முன்னாடி."

பிளெஸ்ஸி சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். விடுப்பில் வந்திருந்தாள். ஊர்த்தெருப் பட்டியலில் தேதி கிடையாது. புதைத்த வரிசை மட்டும்தான். அதற்குள் காலனிப் பெயர்கள் எந்தெந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பது அப்பாவின் தலைக்குள் இருந்தது. அவர் இடத்தைச் சொல்லச் சொல்ல அவள் லேப்டாப்பில் எண்களாக அடித்தாள். மொத்தமாகச் செருக ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள்.

அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஆடியில செத்த மனுசனச் சித்திரையிலயே கொன்னுப்புட்டியேம்மா!"

மேலேயிருந்து செருகியதுதான் தப்பு. முதல் பெயர் நுழைந்ததுமே கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஓர் இடம் இறங்கிவிட்டார்கள். அப்பா சொன்ன எண்கள் பழைய வரிசைக்கானவை. கடைசி எண்ணில் தொடங்கி மேல்நோக்கிச் செருகும்படி மாற்றினாள். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள்.

"அம்புட்டுத்தானா?" என்றார். "கொஞ்சம் தள்ளி ஒக்காரணும். வேற யாருக்கும் ஒண்ணும் கொறயலயே."

கோயில் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலை அவரே போட்டார். ஐந்து நிமிடத்தில் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் தலைவர் தங்கமுத்து அழைத்தார்.

"என்னண்ணே, கலந்துகட்டி வச்சிருக்கீங்க? எங்க ஆத்தாளுக்கு முன்னாடி அந்தத் தெரு ஆளு வந்தா நாங்க எப்புடிக் கோயில்ல முட்டி போடுறது?"

"ஒங்க ஆத்தா பிந்தித்தானப்பா செத்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"வேணாண்ணே. நல்லாயில்ல."

"எனக்கு நல்லாருக்கு. நான்தான வாசிக்கப் போறேன்," என்று வைத்துவிட்டார்.

வாசிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் தங்கமுத்து மாலையோடு வந்தார். அப்பா படத்தின் முன் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு பிளெஸ்ஸியிடம் திரும்பினார்.

"அந்தத் தெருப் பேரையெல்லாம் கடேசில தூக்கிப் போட்டுத் தாம்மா. ஒனக்கு அது ஒரு நிமிச வேல."

"தர மாட்டேன்," என்றாள். அவர் கொண்டுவந்த மாலையை எடுத்துக் கொல்லையில் எறிந்தாள்.

பேரவைக்காரர்கள் பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டார்கள். திருநாளன்று தங்கமுத்துவே மைக்கைப் பிடித்தார். முதல் பெயர் வீரய்யா. வருடத்தில் கடைசியாகச் செத்தவரை முதலில் வைத்தார்கள், மரியாதையாம். பிறகு ஊர்த்தெரு. பிறகு மணி. பிறகு காலனி. பிளெஸ்ஸி மெழுகு நாற்றம் தாங்காமல் பாதிப் பூசையில் வெளியே வந்தாள்.

வெளிச்சுவர் ஓரமாக ஓர் அம்மா நின்றிருந்தார். காலனி அடைக்கலமேரி.

"ஏம்மா உள்ள போகல?"

"எம் மகன் பேரு எந்தப் பக்கமும் இல்ல பாப்பா. திருப்பூர்ல செத்தான், அங்கிட்டே பொதச்சுட்டாக. ஒங்க அப்பாகிட்ட வழியில சொன்னேன். 'என்னைக்குப் போனான்னு வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கிறேன், அப்பத்தான் எந்த எடமுன்னு தெரியும்'னாரு."

"வரலியா?"

"திங்கக்கெழம வாரேன்னாரு."