பீன்ஸ் முடிந்தால் போகலாம்

போன வாரம் அல்சூர் சந்தையில் ஒரு பீன்ஸை ஒடித்துப் பார்த்தேன். டப்பென்று ஒடிந்து, மழை விட்ட மண்ணும் கசக்கிய இலையும் கலந்த அந்தப் பச்சை வாடையை விட்டது. "ஒடிச்சா எடுத்துக்கணும்மா" என்றார் கடைக்காரர். அரை கிலோ வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாரும் பீன்ஸ் தொடமாட்டார்கள், நானும்தான். கண்ணில் பட்டால் கை மட்டும் சும்மா இருப்பதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பத்தொன்பது வயது. அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் என்று ஆனி மாதம் உதவிக்கு வந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் காய்கறி போட்டு, கன்டோன்மென்ட் சிப்பாய்களின் சமையற்கூடத்துக்குக் கொடுத்துவந்தார். என் தகரப் பெட்டியில் மூன்று புடவைகள், அவற்றுக்கு அடியில் ஒரு கடிதம். வேலூரில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. நவம்பர் முதல் தேதிக்குள் சேரவேண்டும். பெண்ணைத் தனியாக ரயிலேற்றும் பேச்சே அப்போது கிடையாது. மாமாதான் கொண்டுபோய் விடவேண்டும்.

"பீன்ஸ் முடியட்டும் பாப்பா. முடிஞ்ச மறுநாளே உட்டுட்டு வரேன்."

நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் எனக்கென்று பேக்கரியிலிருந்து ஒரு பன் வாங்கி வருவார். பூட்டி வைப்பவர் முரடராக இருந்தால் கதவை உடைக்கலாம். கையில் பன்னோடு வந்து நிற்பவரை என்ன செய்வது?

ஆவணியில் காய்ப்பு தொடங்கியது. பறிப்பது என் வேலை. வெயில் ஏறி இலை உலரும்வரை காத்திருக்கவேண்டும். ஈர இலையைத் தொட்டால் கொடிக்குக் கொடி துருநோய் பரவிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், விதை உள்ளே புடைப்பதற்கு முன்பே, பிஞ்சும் பிஞ்சுமாக ஒன்று விடாமல் பறித்தேன். சீக்கிரம் பறித்தால் சீக்கிரம் தீரும் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் முதல் மாணவி என்று பெயர் வாங்கியவள், பாருங்கள்.

புரட்டாசி பாதி போனது. வாட வேண்டிய கொடி குச்சியின் நுனிவரை புதிதாகப் பூத்து நின்றது. தோட்டத்தில் களை எடுக்க வரும் முனியம்மாவிடம் புலம்பினேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நீ பறிக்கிற வரைக்கும் அது காய்க்கும் பாப்பா. அதுக்கு ஒரு புள்ளையப் பெத்து ஆளாக்கணும். நீ ஆளாக உடாம தூக்கிக்கினே போற. அது பெத்துக்கினே கீது. ரெண்டு காய முத்த உடு, பூ நின்னுடும்."

ஒன்றரை மாதமாக என் கையாலேயே என் கதவுக்குத் தாழ் போட்டுவந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கொடியிலும் அடி இலைகளுக்குப் பின்னால் நாலைந்து காய்களை விட்டுவைத்தேன். அவை கொழுத்து, மஞ்சளாகி, தோல் சுருங்கின. பூ குறைந்தது. கூடை இலேசாயிற்று. மழையோடு மழையாகக் கொடி பழுத்துக்கொண்டு வந்தது. எனக்கோ நம்பிக்கை பச்சை பிடித்தது. கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பு கிழிந்தது.

நவம்பருக்கு நாலைந்து நாள் இருக்கும். கூடை ஏன் நிறையவில்லை என்று மாமா தோட்டத்துக்கு வந்தார். குனிந்து ஒரு இலையைத் தூக்கினார். அடுத்த கொடியிலும் தூக்கினார். காய்ந்த காய் ஒன்றைக் கிள்ளிக் காதருகே ஆட்டினார். கலகலவென்றது.

"வெதைக்கு உட்டியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. சீமையிலிருந்து கப்பலில் வரும் விதை யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. கடை கடையாக அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். "எனக்கு இது தோணலியே பாப்பா. இப்ப போட்டா கிறிஸ்மஸுக்குக் காய் குடுக்கலாம்."

இல்லை மாமா, நான் போகவேண்டும், அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. அவர் என் மழைக்காலத் திருட்டை உள்ளங்கையில் வைத்து, குழந்தைக்குக் காட்டப்போவதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா மாமா" என்றேன்.

அந்த வாரமே பக்கத்துப் பாத்தியில் ஊன்றினார். நான்தான் தண்ணீர் பாய்ச்சினேன். மீந்த விதையைக் கட்டிவைக்கக் காகிதம் கேட்டார். யுத்தத்தில் காகிதமும் கிடைக்காத பொருள். அன்று நவம்பர் இரண்டாம் தேதி. பெட்டியைத் திறந்து வேலூர்க் கடிதம் வந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். விதை கனத்தில் அது முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

தை முடிவில் அந்தப் பயிரும் ஓய்ந்தது. மாமா வாக்குத் தவறவில்லை, வேலூருக்கு அழைத்துப்போனார். இடம் போய்விட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பும் ரயிலில் அவர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோலார்பேட்டையில் இறங்கி எனக்கு ஒரு பன் வாங்கி வந்தார். அதைத் தின்றேன்.

இன்று மாமா இல்லை, முனியம்மா இல்லை. தோட்டத்தின்மேல் மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சந்தையில் அன்று, பை நிறைந்த பிறகும், நகர மனமில்லாமல் கடைக்காரரைக் கேட்டேன், பீன்ஸ் எப்போது முடியும் என்று.

"பீன்ஸ் எங்கம்மா முடியுது? வருசம் பூரா வந்துக்கிட்டேதானே இருக்குது."

பீன்ஸ் முடியும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை காலைகள் இலை உலரக் காத்திருந்தேன். இந்த ஊரில் இப்போது அப்படி ஒரு நாளே வருவதில்லை.