லைசன்ஸ் இல்லாத சாட்சி

ஈரக் கோட்டு வாசனை, ஹீட்டர் சூடு, யாரோ காலையிலேயே பிரித்த காரச் சிப்ஸ்... அந்த பஸ் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, வெளியே ஊர் இருக்கிறதா என்றே தெரியாது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், வயசு தெரிந்துவிடும்.

படிப்பு முடித்துக் கிடைத்த முதல் வேலை. சமூகவியல் படித்தேன் என்றால் நம் ஜனங்கள் "அதுக்கெல்லாம் ஹெச்1 விசா குடுக்கறாங்களா?" என்றுதான் கேட்பார்கள். கொடுத்தார்கள். ஹெலன் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர்.

நியூ ஜெர்சியில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். ரயில் பாதைக்கு வடக்கே பெரிய வீடுகள். அங்கே வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும். தெற்கே பழைய அபார்ட்மெண்டுகள். அங்கே கறுப்பினக் குடும்பங்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும். ஹைஸ்கூல் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

ஆனால் அந்த ஸ்கூலின் அட்வான்ஸ்டு மேத்ஸ் வகுப்பில் தெற்குப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஒரே கட்டடத்துக்குள் இனம் பிரித்து இரண்டு பள்ளிக்கூடம் நடக்கிறது என்று தெற்குப் பெற்றோர்கள் கேஸ் போட்டார்கள். "வகுப்பு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்றது நிர்வாகம்.

அது உண்மையா என்று ஆராய்ந்து, பெற்றோர் தரப்பு நிபுணராக ஹெலன் கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும். நான் வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன், பிள்ளைகளிடம் பேசுவேன், கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்குவேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எனக்கு டிரைவிங் லைசன்ஸ் இல்லை. ரோட் டெஸ்டில் பேரலல் பார்க்கிங், அதாவது இரண்டு பிளாஸ்டிக் கோன்களுக்கு நடுவே காரை ஓரமாக ஒட்டி நிறுத்துவது, எனக்கு வரவே வராது.

நான் தங்கியிருந்த ஜர்னல் ஸ்கொயர் அபார்ட்மெண்டில் என் ரூம்மேட் சுமதி, கோயம்புத்தூர்க்காரி, ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நின்று கேட்பாள். "என்ன அம்மிணி, இன்னைக்கும் கோனை இடிச்சுப்போட்டு வந்துட்டியாக்கும்?"

அதனால் ரயிலில் போய் இறங்கி, தெற்குப் பக்கத்திலிருந்து வரும் ஊர் பஸ்ஸில் ஏறுவேன். பஸ் முழுக்க அந்த ஸ்கூல் பிள்ளைகள்தான். என் பக்கத்தில் கீஷா என்று ஒரு பெண் உட்காருவாள். அண்ணனுடைய காலேஜ் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் போட்டுக்கொண்டே வருவாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

இவளுக்கா ஆர்வம் இல்லை... எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒருத்தியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது என்று ஹெலன் கறாராகச் சொல்லிவிட்டார். கேள்வித்தாள்களைக் கூட்டிப் பார்த்தால் ஆர்வம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்தது. பிறகு ஏன் யாரும் சேரவில்லை? அதற்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. அந்த ஓட்டையை வைத்தே அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம்.

பயந்தபடியே பள்ளியின் வக்கீல் என்னை டெபொசிஷனுக்குக் கூப்பிட்டார். விசாரணைக்கு முன்பே சாட்சியை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற படலம். நாம் பேசுவதையெல்லாம் ஓர் அம்மா தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். என் குறிப்புகள் மொத்தத்தையும் அந்த மனுஷன் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"அட்வான்ஸ்டு மேத்ஸ் வகுப்பை எத்தனை முறை நேரில் பார்த்தீர்கள்?"

"ஒரு முறைகூட இல்லை."

அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கேஸே அந்த வகுப்பைப் பற்றித்தான், அதைப் பார்க்காமலே ஆராய்ச்சியா என்றார். ஹெலன் குனிந்துகொண்டார். வேலையும் போச்சு, கேஸும் போச்சு என்றே நினைத்தேன்.

"ஏன் பார்க்கவில்லை?"

"அது ஸ்கூல் மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நான் பஸ்ஸில் வருகிறேன். முதல் பஸ்ஸே மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேரும்."

அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வேறு வழியே இல்லையா என்று கிண்டலாகக் கேட்டார்.

"என்னிடம் கார் இல்லை, சார். அந்த பஸ்ஸில் என்னோடு வரும் பிள்ளைகளுக்கும் வேறு வழி இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஹெலன் நிமிர்ந்தார். வக்கீல் ஒரு தடவை காகிதத்தைப் புரட்டிவிட்டு, பிரேக் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

என்னைத் தவிர எங்கள் டீமில் எல்லோரிடமும் கார். இரண்டு தரப்பு வக்கீல்களிடமும் கார். ஆர்வம் இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் விதவிதமாகக் கேட்ட நாங்கள், வர முடியுமா என்று கேட்கவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் கீஷாவிடம் கேட்டேன். இது தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

புதிய கேள்வித்தாள் போட்டோம். ஹெலன் அதையும் பஸ் நேர அட்டவணையையும் சேர்த்துத் துணை அறிக்கை கொடுத்தார். வழக்கு விசாரணைக்கே போகவில்லை. பள்ளி சமரசத்துக்கு இறங்கி வந்தது. வகுப்பை நடுப்பகலுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

அன்று சுமதி கேசரி கிண்டினாள். "லைசன்ஸ் வாங்காததுக்கு ஊருலகத்துல உனக்கு மட்டுந்தான் அம்மிணி ஸ்வீட்டு" என்றாள்.

இப்போது பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறோம். ஒருவழியாக லைசன்ஸும் வாங்கிவிட்டேன், வீட்டில் இரண்டு கார். என் பொண்ணை விடிந்தும் விடியாமலும் ரோபாட்டிக்ஸுக்கு நானேதான் கொண்டுவிடுகிறேன். யாரால் வர முடியவில்லை என்பது இப்போது என் கண்ணிலும் படுவதில்லை. சில நாள் அது உறுத்தும்...

போன வாரம் பார்சிப்பனியில் ஒரு பர்த்டே பார்ட்டி. சமோசாவைக் கடித்துக்கொண்டே ஓர் அங்கிள் தன் ஊரின் ஏழைப் பகுதியைப் பற்றிச் சொன்னார். "அந்த ஏரியா பசங்களுக்குப் படிப்புல இன்ட்ரஸ்டே கெடையாதும்மா."

"க்ளாஸ் எத்தன மணிக்கு அங்கிள்?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன்.

"சரி, மாத்தினப்புறம் யாராவது வந்தாங்களா?"

"மொத நாள் நான் போய் உக்காந்து பாத்தேன் அங்கிள். நாற்காலி பத்தல. பக்கத்து ரூம்லேந்து தூக்கிட்டு வந்தாங்க. கீஷா அவ நாற்காலிய அவளே தூக்கிட்டு வந்து, மொத வரிசைல போட்டு உக்காந்தா."