கோணாமலை அத்தானின் இரண்டு நாடுகள்

என் அக்கா புருசன் கோணாமலைக்கு, எந்த நாட்டில் இருந்தாலும் மற்ற நாடுதான் நல்ல நாடு. திருச்சிப் பக்கம் அகதி முகாமில் இருந்த காலத்தில், எங்கள் கொக்கட்டிச்சோலை மாதிரி ஓர் ஊர் உலகத்திலேயே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பக்கத்து அறைக்காரர்களின் உயிரை வாங்கினாராம். அக்கா கண்ணகை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஓடியவர்கள் தொண்ணூற்று மூன்றில் திரும்பி வந்தார்கள். வந்த அன்றைக்கே, கிணற்றடியில் கால் கழுவும்போதே மனிதர் தொடங்கிவிட்டார்.

"அன்னம், அங்க சுவிச்சத் தட்டினா வெளிச்சம். ரோட்டுக்கு வந்தா பஸ். காய்ச்சலெண்டா ஆசுப்பத்திரி. இஞ்ச என்னகா கிடக்கு?"

"கிணத்தில தண்ணி கிடக்கு. முதல்ல காலக் கழுவுங்க அத்தான்" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் ஓடிய பிறகும் இங்கேயே கிடந்து, ஹெலிகொப்டர் சுட வரும்போதெல்லாம் வயலுக்குள் குப்புற விழுந்தவள் நான். அப்படிப்பட்ட சொர்க்கத்தை விட்டு என்னத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ஆள் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் அவருடைய ஒரே மகள் புஸ்பம். முகாமுக்கு வெளியே ஒரு தையல் கடையில் அவள் வேலை செய்தாள். கடைக்காரரின் தம்பிக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். கடைக்காரரும் தாயும் பூவும் பழமும் கொண்டு முறையாகப் பெண் கேட்டு முகாமுக்கே வந்தார்கள். அகதிப் பெண்தானே என்று இளக்காரமாக நினைக்காத நல்ல சனம். அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமையாகச் சொன்னாராம்:

"வீடு குடுக்காம நாங்க பொம்புளப் பிள்ளையக் கட்டிக் குடுக்கிறல்ல. ஊரில வளவிருக்கு, வீட்டத் திருத்திக் குடுப்பன். தம்பி வந்து எங்களோட இருக்கலாம்."

கடைக்காரர் எழுந்துவிட்டார். "என்னங்க பேசுறீங்க? எங்க வீட்டுப் பையன் வீட்டோட மாப்பிள்ளையா வந்து உக்காரணுமா? ஊரே சிரிக்கும்ங்க."

அத்தானுக்கு விளங்கவேயில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அக்கா வீடும் என் வீடும் எங்கள் தாய் பிரித்துத் தந்த ஒரே வளவில், ஒரே வேலிக்குள்தான் நிற்கின்றன. அத்தான் பெட்டியோடு வந்தார், என் புருசனும் வந்தார். சண்டை பிடித்தால் இங்கே புருசன்தான் வெளியே போக வேண்டும். என்னுடையவர் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய், சோற்று நேரத்துக்குத் திரும்பிவந்த கதைகள் எத்தனையோ இருக்கின்றன.

"நாளைக்கு அடிச்சு வெரட்டினா என்ட பிள்ளை எங்க போவாள்?" இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அத்தான் சம்பந்தத்தை முறித்தார். புஸ்பம் அழுததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்கு வீடு வேண்டும் என்று மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. ஷெல் குண்டு விழுந்து ஒரு பக்கச் சுவரும் இல்லை. வாவியைத் தாண்டி ஒரு பை சீமெந்து கொண்டுவருவதற்குள் படகுத் துறையில் ஆமிக்காரனிடம் படாத பாடு பட வேண்டும். அத்தான் மண்ணைக் குழைத்துக் கல்லை அடுக்கினார். கல்லுக்குக் கல் இந்தியாவைப் புகழ்ந்தார். புஸ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

ஆமிக்காரன் ஊரைச் சுற்றிவளைத்தால், "அங்க இப்பிடியா?" என்பார். "அங்கயும் கேம்ப விட்டு வெளிய போகக் கையெழுத்து வெச்சனாங்கதானே? இருக்கிற எடத்தில இருக்க உங்களுக்கு ஏலாதா?" என்று அக்கா சீறுவாள். உடனே எழுந்து துறைப் பக்கம் போய்விடுவார். அங்கேயும் நிற்க மாட்டார். போன வேகத்தில் திரும்பி வருவார்.

தொண்ணூற்று நாலு கடைசியில் பேச்சுவார்த்தை என்றார்கள். கெடுபிடி தளர்ந்து சீமெந்து வந்தது. அத்தான் கூரையும் போட்டு வெள்ளையும் அடித்துவிட்டார். கிரான் ஊரிலிருந்து சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை இளையதம்பி, வேளாண்மை செய்கிறவர், பெண் வீட்டுக்கு வர முழுச் சம்மதம். அத்தானுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்தக் கிழமைதான் டவுனிலிருந்து றோசம்மா எங்களைப் பார்க்க வந்தாள். முகாமில் அக்காவுக்குப் பக்கத்து அறைக்காரி, அப்போதுதான் நாடு திரும்பியிருந்தாள். புஸ்பத்தைக் கண்டதும் சொல்லிவிட்டாள்: "அந்தத் தையல்கடைப் பொடியன் இன்னும் கட்டல்லகா. உன்னயே கேட்டுக்கொண்டிருக்கான்."

அன்று பின்னேரம் அத்தான் கலியாணப் பேச்சை எடுத்தபோது நானும் இருந்தேன்.

"அப்பா, இந்த வீடு ஆருட?" என்று புஸ்பம் கேட்டாள்.

"இதென்ன கேள்வி மகள்? உன்டதான்."

"நான் எங்க போனாலும் என்டதானே?"

"ஓம். ஆர் உன்ன எழுப்பிறது?"

"அப்ப நான் இந்தியாவுக்குப் போறன். அவர் வெரட்டினா வந்து இருக்க எனக்கு வீடிருக்கு."

அத்தான் கத்தினார் பாருங்கள்! "அந்த நாட்டில என்ன கிடக்கு? ஆரையும் தெரியாத ஊர்! ஒரு கிணறுண்டா, வளவுண்டா?"

"சுவிச்சத் தட்டினா வெளிச்சம் எண்டீங்களே" என்று நான் வாயைக் கொடுத்தேன். அக்கா என்னை முறைத்தாள். பிறகு கையிலிருந்த காப்பைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். "இத வித்துப்போட்டுப் போ மனே. மாமனக் கூட்டிக்கொண்டு போ."

எங்கள் தம்பி நல்லரத்தினம்தான் கொழும்பு வழியாக அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியது. அதோடு அவளுடைய செய்தியும் நின்றுபோனது.

இப்போது அத்தானும் அக்காவும் வளவு மூலையில் ஒரு குடிலில் படுக்கிறார்கள். மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு, தாய் தகப்பன் ஒதுங்க வேண்டும் என்பது வழக்கம். அவளே இல்லாத வீட்டுக்கு என்ன வழக்கம்? மாரி மழையில் குடில் ஒழுகுகிறது, உள்ளே போய்ப் படுங்கள் என்றால், "அவள் புருசனோட வந்து நிண்டா?" என்கிறார்.

இந்தியாவிலிருந்து யாராவது வந்தால் முதல் ஆளாக ஓடுகிறார். லைட்டைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கேட்பதில்லை. போன கிழமை ஒரு மனிசி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"தங்கச்சி, அங்க மாமியார் வீட்டில மருமகள்மார எப்பிடி வெச்சிருக்காங்க?"

அவள் யோசித்தாள். "அது ஆளுக்காள் வித்தியாசம் அண்ணன். சில வீட்டில நல்லா வெச்சிருக்காங்க."

அத்தான் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் வயல் வரம்பில் நின்று நின்று என்னைக் கேட்டார்:

"சில வீட்டில எண்டா, எத்தின வீட்டில அன்னம்?"