நீர்க்கடுப்பும் ஒரு தாழ்ப்பாள் சத்தமும்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் பழையது. திறந்தாலும் மூடினாலும் 'டடக்' என்று கத்தும். என் மைத்துனன் கல்யாணம் முடிந்து அன்னூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை முழுக்க அது கத்திக்கொண்டே இருந்தது. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்புள்ள, உள்ளார ஏதாச்சும் பொதையல் கெடைச்சிருச்சா?" என்று கேட்டேன். பூங்கொடி மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டாள். என் மனைவி என் நகைச்சுவையைக் கண்டுகொள்ளாதது புதிதில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

கோயமுத்தூரில் பம்புசெட் பழுது பார்ப்பது என் தொழில். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே அடைப்பு, எங்கே காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொள்பவன். வீட்டுக்குள் கேட்ட சத்தம் மட்டும் எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் அவளே சொன்னாள். "சூடுங்க. ஒண்ணுக்குப் போனா எரியுது. போயிட்டு வந்தாலும் மறுக்கா வர்ற மாதிரியே இருக்குது. போனா ரெண்டு சொட்டுத்தான்."

சூடு என்றால் எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? இளநீர் வெட்டினேன். வெந்தயம் ஊறவைத்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய், கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு. இவற்றோடு என் சொந்தக் கண்டுபிடிப்பும் ஒன்று சேர்ந்தது. நான் பல் பிடுங்கியபோது வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக் (கிருமியை அழிக்கும் மருந்து). அதில் இரண்டைக் கொடுத்தேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அன்று மாலை எனக்கு நானே டாக்டர் பட்டம் வழங்கிக்கொண்டேன்.

பட்டம் நிலைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு காலையில் அவள் போர்வைக்குள் தூக்கித் தூக்கிப் போடுகிற மாதிரி நடுங்கினாள். வாந்தி எடுத்தாள். முதுகின் ஒரு பக்கத்தை, விலாவுக்குக் கீழே, கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். "ஒண்ணுக்குச் செவப்பாப் போகுதுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பதறவில்லை என்று காட்டிக்கொள்ள நிதானமாக நடந்து போய்க் கார் கதவில் சாவியைப் போட்டேன். திறக்கவில்லை. சாவியை மாற்றி மாற்றித் திருப்பி, காரைத் திட்டி, டயரை உதைத்தேன். நடுங்கிக்கொண்டு நின்றவள்தான் சொன்னாள்: "அது கடைச் சாவிங்க."

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். முதுகில் அவர் லேசாகத் தட்டியதுமே பூங்கொடி துள்ளிவிட்டாள்.

"இது சூடு இல்லீங்கம்மா, கிருமி. பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்குப் போற குழாய் நீளம் ரொம்பக் கம்மி. கிருமி சுளுவா உள்ளே ஏறிரும். மொதல்ல மூத்திரப் பையில இருந்திருக்கு. இப்ப கிட்னி வரைக்கும் போயிருச்சு. ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

நான் பெருமையாக முன்னால் வந்து என் வைத்தியத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்லு வலி மாத்திரைய இதுக்குக் குடுத்தீங்களா? நல்ல வேளைங்க, பல்செட்டக் கழட்டிக் குடுக்காம விட்டீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். அரைகுறை மருந்து வலியை மட்டும் அடக்கிவிடும். கிருமி உள்ளேயே இருக்கும். கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) செய்தால் அதன் முடிவையும் குழப்பிவிடக்கூடும். பம்பில் தண்ணீர் ஒழுகும் இடத்தைத் துணியால் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்களை நான் திட்டாத திட்டில்லை. நான் செய்ததும் அதுதான்.

"கிட்னி போயிருமுங்களா?" என்று கேட்டேன்.

"இப்பவாச்சும் வந்தீங்க. ஊசி மருந்துக்குக் காய்ச்சல் எறங்குதான்னு பார்ப்போம்" என்றார். போகாது என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அது பெண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் தவிர ஆண்கள் உள்ளே போகக் கூடாது. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கு என் கிட்னியில் ஒன்றைக் கொடுப்பதென முடிவு செய்தேன். எந்தப் பக்கத்து கிட்னி என்பதில் நீண்ட யோசனை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், ஆகவே இடது. யாரும் கேட்காத தானத்தை இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் படுத்தால் ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆர்லிக்ஸோடு வந்து இறங்குவார்கள். மைத்துனன் போனில், "மாமா, அக்காவுக்கு என்னுங்க?" என்று கேட்டான். "சும்மா காய்ச்சல் மாப்ள, வராதே" என்றேன். பெங்களூரில் இருக்கும் மகளிடமும் அதையே சொன்னேன். காலில் கட்டி என்றால் சொல்லியிருப்பேன். இந்த நோயின் இடம் அப்படி. சொல்ல வாய் வரவில்லை. யாரும் வரவில்லை. வராதே என்று சொன்னவனே வராந்தாவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது அவள் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கல்யாணத்தன்னைக்கே எரிய ஆரம்பிச்சிருச்சுங்க" என்றாள்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள், தாலி கட்டுவதற்கு முன்னால், பட்டும் நகையுமாக அவன் பக்கத்தில் நிற்பாள். புடவை ஒன்று இருவரையும் இணைத்திருக்கும். தம்பிக்குப் பெண் தேடித் தேடி, அவன் தலை நரைத்த பிறகு நடந்த கல்யாணம். நடுவில் எழுந்து போக நேரக் கூடாதே என்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே இவள் தண்ணீர் குடிக்கவில்லை. வந்ததையும் சீர் முடியும்வரை அடக்கிக்கொண்டாள்.

"சபை முச்சூடும் என்னையத்தான் பார்த்துட்டிருந்துச்சு. ஒருத்தருகிட்டயும் சொல்ல முடியலீங்க."

போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன். அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் தனியாக நின்றிருக்கிறாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன்.

அது மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது, மாதவிலக்கு நின்ற வயதில் இந்தத் தொற்று சுலபமாக வரும், சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். ஆனால் தண்ணீரைக் குறைப்பதும் அடக்கி வைப்பதும் கிருமிக்கு விருந்து வைப்பதுதான். கல்ச்சர் முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார். காய்ச்சல் மெல்ல இறங்கியது. கிட்னிக்குச் சேதமில்லை. என் இடது கிட்னி என்னிடமே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் எரிச்சல் போனதும் மாத்திரையை நிறுத்தலாமா என்று அவள் கேட்டாள். "முடிச்சுப்போடு, மிச்சம் வெச்சீன்னா நான் யாருக்காச்சும் குடுத்துருவேன்" என்றேன். முடித்தாள்.

இதே எரிச்சலோடு இதைப் படிக்கும் அம்மணி யாராவது இருந்தால்: சூடு என்று படுத்துவிடாதீர்கள். சிறுநீரைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். குளிர்காய்ச்சலோ முதுகு வலியோ வாந்தியோ சேர்ந்துகொண்டால் அன்றே போங்கள். யாரிடமாவது சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து அவளுடைய சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. இணைச்சீருக்கு இவளைக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். சீர் பாதியில், எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளையான அந்தத் தம்பியிடமே புடவையின் தன் முனையைக் கொடுத்தாள்.

"செத்த இருங்க சாமி. ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்."

"ஏனம்மணி, நல்ல நேரம் போகுதே!" என்றார் ஒரு பெரியவர்.

"போகட்டுங்க மாமா. நேரம் இன்னொண்ணு வரும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

மேளம் நின்றது. மாப்பிள்ளை பக்கத்தில் அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. அவளுடைய தண்ணீர் பாட்டில் என் மடியில் இருந்தது. சுற்றிலும் சிரித்தார்கள், வழக்கமாக முதலில் சிரிக்கிறவன் நான். அன்று என் காது மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்றது. அங்கே ஒரு தாழ்ப்பாள் ஒரு தரம் மூடி, ஒரே ஒரு தரம் திறக்க வேண்டும். அதுவரை எனக்கு எந்த நேரமும் நல்ல நேரமில்லை.