வாயில் நுழையாத பெயர்

என் அக்காவுக்கு எதிரில் யாராவது "சுத்தம்" என்ற சொல்லை அலட்சியமாக வீசினால் நான் அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவேன். சுத்தம் அவள் தொழில். பெரிய சலவை நிலையம் ஒன்றில் கஞ்சிப் பிரிவு அவள் பொறுப்பு. விடுதிகளின் மேசை விரிப்பு, மருத்துவர்களின் வெள்ளை அங்கி, விமான ஓட்டிகளின் சட்டை எல்லாம் அவள் கைக்கு வந்துதான் விறைப்பாகும். நாள் முழுக்க நீராவிக்கு நடுவே நிற்பாள். ஒரு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது இன்னும் குளிக்கணும்" என்று திருப்பி அனுப்புவாள். அங்கே அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். நேரிலேயே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் கணவர், என் மாமா, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எங்கள் குடியிருப்பில் அவரை மைக் மாமா என்பார்கள். "ஏழாம் நடைமேடை" என்று அவர் சொல்லும்போது அந்த ழகரம் கூரைவரை போய் உருண்டு வரும். பேருந்தைத் தவறவிட்டவர்கள்கூட அந்தக் குரலுக்காக அவரை மன்னித்துவிடுவார்கள் என்று அவரே பீற்றிக்கொள்வார்.

அக்காவின் பெயரிலும் ஒரு ழ உண்டு. பெற்ற அம்மாவிலிருந்து தங்கையான என்வரை, எங்கள் வீட்டில் ஒருவரும் அதை ஒழுங்காகச் சொன்னதில்லை. ளகரத்தை வைத்து ஒப்பேற்றிவிடுவோம். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமா அவள் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவள் தலையாட்டினாள். அதற்கு முன் வந்த வரன்களில் நல்ல வேலையில் இருந்தவர்கள் எல்லாம் உண்டு. அவர்களுக்கு ழ வரவில்லை, அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்தபோது மாமாவின் வலது கையும் காலும் பாதிதான் போயின. நாக்குதான் முழுசாகப் போனது. பேருந்து நிலையத்தையே அதட்டிய வாயில் "ம்", "ஆ" என்ற இரண்டு எழுத்துக்கு மேல் புறப்படவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "ஆ" தான், அக்காவைக் கூப்பிட்டாலும் "ஆ" தான். எதற்கு எந்த ஆ என்று அவள் மட்டும் கண்டுபிடிப்பாள்.

அதோடு போகவில்லை. தொண்டையும் மந்தமாகிவிட்டது. திட உணவை மசித்துக் கொடுத்தால் இறங்கும். தண்ணீர், காபி, பழச்சாறு மாதிரி ஓடும் பொருள் எதுவானாலும் தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிவிடும். அப்படிப் போனால் நுரையீரலில் கிருமி பிடிக்கும், உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி ஒரு டப்பாப் பவுடரை எழுதிக்கொடுத்தார். எதைக் குடித்தாலும் அதை ஒரு கரண்டி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து அக்கா வேலையில் சட்டைக்குக் கஞ்சி போட்டாள், வீட்டில் காபிக்குக் கஞ்சி போட்டாள். இதைச் சொல்லி அவளே சிரிப்பாள். மாமா சிரிக்கமாட்டார். அந்தக் காபி கரண்டியிலிருந்து மெதுவாக நழுவி விழுவதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

அக்காவின் விடுப்பு தீரும் நேரத்தில் மாமாவின் தங்கை உதவிக்கு வந்து சேர்ந்தாள். பொல்லாதவள் என்று சொல்லமாட்டேன். அண்ணன் என்றால் உயிரை விடுவாள். அவளுக்கு நெடுநாளாக இருந்த வயிற்றுக் கோளாறு, பாக்கெட் தின்பண்டங்களை விட்டொழித்ததும் சரியாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவள் "சுத்த உணவு" என்று வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். பாதித் தெரு அந்த வகுப்பில் இருந்தது. வகுப்பின் முதல் விதி, பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பொருள் வயிற்றில் நுழையக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பதாலேயே யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வந்த அன்றே அலமாரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நாக்கு தடுக்கினால் அந்த டப்பா குப்பைக்கு. நான் அவளுக்கு டப்பா போலீஸ் என்று பெயர் வைத்தேன். மனத்துக்குள்தான்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் தூக்கிப்போட்டவற்றில் பாதிக்கு மேல் போக வேண்டியவைதான். உப்பு மண்டிய சூப்பு, சர்க்கரையில் ஊறிய பிஸ்கட், எப்போது வாங்கினோம் என்றே தெரியாத சாஸ். அக்காவும் அதையெல்லாம் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று. மாமாவுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது உப்பு. பச்சைக் குழந்தைக்குக்கூடச் சொல்ல வரும் பெயர் அது. டப்பா போலீஸின் விதிப்படி அதற்கு எந்தத் தடையும் இல்லை.

கடைசியில் பவுடர் டப்பாவுக்கு வந்தாள். மால்டோடெக்ஸ்ட்ரின், சாந்தன் கம், பொட்டாசியம் குளோரைடு. நாக்கு மூன்று இடத்திலும் தடுக்கியது. கைப்பேசியில் தேடி, சாந்தன் கம் என்பது பாக்டீரியாவை வைத்துச் செய்கிற கோந்து என்று கண்டுபிடித்துவிட்டாள். வீடே அதிர்ந்தது. அக்கா நிதானமாக அந்த டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கினாள். பாலைத் தயிராக்குவதும் அந்த ஜாதிப் பூச்சிதான், அதற்கு மட்டும் ஏன் கோபம் வரவில்லை என்று கேட்டாள். மற்றது எதுவானாலும் உன் இஷ்டம், இதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அதன்பிறகு அக்காவுக்கு எங்கே போனாலும் அறிவுரைதான். மாடிப்படியில் நிறுத்தி, புருஷனுக்கு ரசாயனத்தைக் கொடுக்கிறாயாமே என்றார்கள். சலவை நிலையத்தில் கூட வேலை செய்பவர்களே, எதற்கும் பார்த்துக்கொள் என்றார்கள். இவர்களில் ஒருவர்கூட மாமாவுக்கு ஒரு வாய் காபி கொடுத்துப் பார்த்தவர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஒரே பதிலை எல்லாருக்கும் வைத்திருந்தாள். "எனக்குப் பேரு முக்கியமில்ல. அவருக்கு எறங்குதா, அது முக்கியம்."

ஒரு நாள் முற்பகல், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அக்கா வீட்டிலிருந்து இருமல் கேட்டது. மாமாவின் சாதாரண இருமல் இல்லை, மூச்சை இழுக்கவே இடம் கிடைக்காத இருமல். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா நாற்காலியில் முன்னால் சரிந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டப்பா போலீஸ் அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர், அடியில் கொஞ்சம் பழச்சாறு. சக்கை துளியும் இல்லாமல், பளிங்காக.

நடந்தது இதுதான். மாமா காலையில் கெட்டிக் காபியைத் தள்ளிவிட்டு, தண்ணீர்க் குழாயையே பார்த்து "ஆ, ஆ" என்றாராம். தங்கைக்கு மனசு கேட்கவில்லை. தன் கையாலேயே பழம் பிழிந்து, தொண்டையில் எதுவும் சிக்கிவிடக் கூடாதே என்று மெல்லிய துணியில் மறுபடி மறுபடி வடிகட்டியிருக்கிறாள். சுத்தமாக்குகிறோம் என்று நினைத்து, அவருக்கு ஆகவே ஆகாத அளவுக்கு நீர்க்க வைத்துவிட்டாள். பவுடர் டப்பாவை வெளியே குப்பைத் தொட்டியில் நான்தான் பிறகு பார்த்தேன். யாரும் திருப்பி எடுத்துவிடக் கூடாதென்று பவுடரைக் கொட்டித் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். அது தொட்டிக்குள் கெட்டியாக உறைந்து கிடந்தது. அதன் வேலையை அது அங்கேயும் செய்திருந்தது.

சாறு நுரையீரலுக்குள் போய்விட்டது. காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு மாமா படுத்துக் கிடந்தார். பிழைத்துவிடுவார் என்று மருத்துவர் வாயிலிருந்து வரவே சில நாள் ஆனது.  அந்த நாள்கள் முழுக்க அக்கா வேலைக்குப் போட்ட அங்கியோடேயே நடைகூடத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மாமாவின் கட்டிலில் விரித்த துணி அவள் நிலையத்தில் துவைத்தது. உள்ளே விடும்போதெல்லாம் அதன் ஓரத்து முத்திரையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபத்து நீங்கியது என்று தெரிந்த அன்று, அந்த நடைகூடத்தில் டப்பா போலீஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "நான் சுத்தமானதைத்தானே குடுத்தேன் அண்ணி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, வீட்டுக்குப் போனதும் அந்தப் பவுடருக்குப் பதிலாக இயற்கையானது ஏதாவது தேடிப் பார்க்கலாமே என்றும் சொன்னாள். எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் அடங்கிவிட்டேன்.

"நல்ல மனசோடதான் குடுத்தே. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஒங்க அண்ணன் வாயில என் பேரு நுழையல. தண்ணிங்கற வார்த்தையே நுழையல. ஒன் விதிப்படி பாத்தா அவரு தண்ணியும் குடிக்கக் கூடாது, நானும் அவருக்கு ஆகாதவ. அப்படித்தானே?"

அக்கா அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் அழுக்க நாள் பூரா பாக்கறவ. அந்தப் பவுடர் அழுக்கு இல்ல. அது இனிமே என் வீட்டுல அலமாரிக்குள்ள இருக்காது. வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கற எடத்துல, நடு மேசையில இருக்கும். அதுல இன்னொரு தரம் கை வச்சா, நீ என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

சொன்னபடியே செய்தாள். பூச்சாடி இருந்த இடத்துக்குப் பவுடர் டப்பா வந்தது. உறவினர் வீட்டுக்குப் போனாலும் கைப்பையிலிருந்து எடுத்து, எல்லார் தட்டுக்கும் நடுவே டொக்கென்று வைப்பாள். யாராவது அது என்ன என்று இழுத்தால், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பெயர்களை உரக்கப் படிப்பாள். முதலில் அவளுக்கே நாக்கு உளறியது. விடவில்லை. கஞ்சிக் கொப்பரை எதிரில் நின்று, நீராவிச் சத்தத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று அவள் சொல்லிப் பழகுவதைப் பார்த்து, நிலையத்தில் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்களாம்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு "அம்மா", "ஆடு" என்று படம் போட்ட அட்டைகளைக் கொடுத்திருந்தார்கள். மாமா அதைத் தொடவே மறுத்தார். மைக்கைப் பிடித்த மனுஷனுக்கு ஆட்டுக்குட்டிப் படம் அவமானமாக இருந்திருக்கும். அக்கா அட்டைகளை ஓரம் கட்டினாள். டப்பாவை அவர் முன்னால் வைத்து, ஆடு சொல்ல வேண்டாம், இதைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். மாமா டப்பாவை முறைத்தார். பிறகு அவர் முகத்தில், பேருந்து தாமதமானதற்குத் தன்னைத் திட்டிய பயணிகளைப் பார்க்கும் பழைய வீறாப்பு வந்தது. "மா" என்றார்.

பயிற்சிப் பெண்மணி கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பிடித்த சொல் எதுவானாலும் சரி என்றார். ஒவ்வொரு காபிக்கும் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டாள். "மா". "மால்". "மால்டோ". மாடியில் இருக்கும் எனக்கே அலுத்துப்போனது.

டப்பா போலீஸ் நெடுநாள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வெறுங்கையோடு, வாசலிலேயே தயங்கி நின்றாள். அக்கா உள்ளே வா என்றாள், அதற்கு மேல் கொஞ்சவும் இல்லை, குத்தவும் இல்லை. அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் மாமாவுக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன். மேசை நடுவே டப்பா. அதைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குச் சிரிப்பாக வந்தது.

மாமா இடது கையை நீட்டி டப்பாவை இழுத்தார். தங்கைக்கு முன்னால், பெயர்கள் தெரியும்படி திருப்பி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அறிவிப்புக்கு முன்னால் அப்படித்தான் செருமுவார்.

"மால்... டோ... டெக்ஸ்... ட்ரின்."

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வந்தது. ஆனால் ஒன்றும் உடையவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா விடவில்லை. ஒரு விரலால் தன் வாயைச் சுட்டிக் காட்டினார். நாக்கை உள்ளே மடித்து எதையோ தேடினார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மெதுவாக, முழுசாகச் சொன்னார்.

"நுழைஞ்சிருச்சு."

அவள் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். அடுப்புப் பக்கம் கரண்டி விழும் சத்தம் கேட்டது. அக்கா எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அந்த டப்பாவின் பெயரும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு எழுத்தை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இப்ப என் பேரச் சொல்லுங்க" என்றாள்.